புழுதி விதைப்பும் எமது எதிர்நோக்கும்

புரட்டாதி மாதத்தின் பிற்பகுதியில் வன்னிப் பக்கம் செல்பவர்கள் ஒரு காட்சியைக் காணலாம். குளங்களின் ஓரங்களில் சேறு காய்ந்து வெடித்துக் கிடக்கும். வாய்க்கால்களில் காய்ந்த புல் நிற்கும். வானத்தில் மழைக்கான பெரிய அறிகுறி எதுவும் இராது. ஆனால் வயல்களில் உழவு இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும். அதன் பின்னால் எழும் புழுதி வீதி வரை வந்து கண்ணை மறைக்கும். அந்தப் புழுதிக்குள்தான் கமக்காரர் தமது விதைநெல்லை வீசுகின்றார். இதனையே எம்மவர் புழுதி விதைப்பு என்கின்றனர்.

மழை வந்த பின்னர் விதைக்கலாமே என வெளியூரார் கேட்பதுண்டு. மழை இறங்கிய பின்னர் எல்லா வயல்களுக்கும் ஒரே வேளையில் உழவு இயந்திரம் கிடைக்காது. முதல் மழையின் ஈரத்தை வீணாக்காமல் முளைக்கும் பயிர், கடும் மழை தொடங்கு முன்னர் வேரூன்றி நிமிர்ந்து விடும். குளத்து நீரும் மிச்சப்படும். ஆனால் ஆபத்தும் உண்டு. சிறு தூறலோடு மழை நின்று வெயில் எறித்தால் முளை கருகும். மழை பிந்தினால் எறும்பும் பறவையும் விதையைத் தின்னும். ஒரேயடியாகக் கொட்டினால் விதை அழுகும். இவை யாவற்றையும் நன்கறிந்த ஒருவரே, வீட்டிலுள்ள நல்ல நெல்லை எடுத்து வந்து புழுதியில் வீசுகின்றார்.

எமது கிறிஸ்தவ வாழ்வில் இத்தகைய விதைப்பு ஏதும் நடைபெறுகின்றதா? ஞாயிறு தோறும் நாம் கேட்கின்ற இறைவாக்கை நம்பி, மழைக்கு முன்னரே நாம் மண்ணில் போட்டது என்ன? இக்கேள்வியை எமது வாசகர்கள் முன்பும், முதலில் எம் முன்பும் வைக்க விரும்புகின்றோம்.

பதாகையில் எழுதிய சொல்

2025ஆம் ஆண்டைத் திருச்சபை யூபிலி ஆண்டாகக் கொண்டாடியது. எதிர்நோக்கின் திருப்பயணிகள் என்பதே அதன் கருப்பொருள். பங்குகள் பலவற்றில் பதாகைகள் கட்டினோம். திருப்பயணங்கள் சென்றோம். சிறப்புச் செபங்களைச் செபித்தோம். அந்த ஆண்டின் நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டைத் தாக்கியது. மலையகத்தில் மண் சரிந்தது. வடக்கிலும் கிழக்கிலும் வேறு பல மாவட்டங்களிலும் விதைத்த வயல்கள் நீரில் மூழ்கின. பதாகையில் எழுதிய அதே சொல்லை, பயிரை இழந்த ஒருவரின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டிய நிலை எமக்கு ஏற்பட்டது.

அவ்வேளையில் எம்மில் பலருக்கு வார்த்தை வரவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நாம் எதிர்நோக்கைப் பற்றிப் பேசப் பழகியிருந்தோமே தவிர, எதிர்நோக்கோடு வாழப் பழகியிருக்கவில்லை.

எமது மக்கள் சோர்ந்து போவதற்குக் காரணம் விசுவாசக் குறைவு என்று சொல்லிவிடுவது எளிது. அது நியாயமாகாது. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டபோது பயிர் மஞ்சளித்து நின்றதைக் கண்டவர்கள் அவர்கள். 2022இல் மண்ணெண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் இரவு பகலாக வரிசையில் நின்றவர்கள் அவர்கள். அதற்கு முன்னர் யுத்தமும் இடப்பெயர்வும். 2004இல் கடல்கோளும் வந்து போனது. ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் வந்து இனி எல்லாம் நன்றாக நடக்கும் என்று சொன்னார். இவ்வளவையும் கண்ட மனிதர், எதையும் எதிர்பார்க்காதிருப்பதே பாதுகாப்பு என முடிவு செய்தால் நாம் வியப்படைய முடியாது.

எதிர்பார்ப்பும் எதிர்நோக்கும்

எமது மொழியில் எதிர்பார்ப்பு என்றொரு சொல்லும் எதிர்நோக்கு என்றொரு சொல்லும் உண்டு. வழக்கில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றே. ஆயினும், விசுவாசத்திற்கும் அன்பிற்கும் இடையில் வைத்துத் திருச்சபை கற்பிக்கின்ற அந்த நற்பண்பிற்கு எதிர்நோக்கு என்ற சொல்லையே நாம் பயன்படுத்துகின்றோம். இந்த வேறுபாட்டைச் சற்றுச் சிந்திப்பது பயனுள்ளது.

ஒரு குறிப்பிட்ட பொருள், குறிப்பிட்ட நாளில், நாம் நினைத்த வடிவில் வந்து சேர வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. வராவிட்டால் ஏமாற்றம். வாழ்க்கைக்கு எதிர்பார்ப்புகள் வேண்டியவைதாம். அவையின்றிச் சந்தைக்குப் போகவும் முடியாது. எதிர்நோக்கு, வருகின்ற பொருளைவிடத் தருகின்றவரையே நோக்கி நிற்கின்றது. ஆகவே பொருள் பிந்தினாலும், வேறு வடிவில் வந்தாலும், ஒரு போகம் முழுவதும் அழிந்தாலும் அது நோக்கும் திசையை மாற்றுவதில்லை. கடவுள் உண்மையுள்ளவரா என்பதை மூடை எண்ணிக்கையால் அளக்க முடியாது. அளக்கலாம் என்று போதிப்பவர்களும் எமது கிராமங்களுக்கு வருகின்றார்கள். இவ்வளவு காணிக்கை கொடுத்தால் இவ்வளவு ஆசீர்வாதம் என்று கணக்குச் சொல்லுகின்றார்கள். கடனில் மூழ்கிய குடும்பங்களே அவர்களிடம் முதலில் அகப்படுகின்றன.

மறுபுறத்தில், எதையும் எதிர்நோக்காத ஒரு பக்தியும் எம்மிடையே உண்டு. எல்லாம் ஆண்டவருடைய சித்தம் என்ற அழகிய சொற்றொடரை, ஒரு பிரச்சினையைப் பற்றி மேலும் பேசாதிருப்பதற்காகவே பல சமயங்களில் பயன்படுத்துகின்றோம். இறைவனுடைய அரசு வரவேண்டும் என்று நாள்தோறும் மன்றாடுகின்றோம். அது வந்தால் எமது ஊரில் எது மாறும் என்று கேட்டால் விழிக்கின்றோம். வராது என்று உள்ளூர நினைத்துக்கொண்டு கேட்கின்ற மன்றாட்டு எத்தகைய மன்றாட்டு?

எமது தவறு

அபிவிருத்திப் பணியில் ஈடுபட்டுள்ள நாமும் இவ்விடயத்தில் குற்றமற்றவர்கள் அல்லர். இடப்பெயர்வுக் காலங்களில் நிவாரணம் இன்றியமையாததாக இருந்தது. பசித்தவருக்கு உணவு கொடுத்ததற்காக நாம் வருந்தவில்லை. ஆனால் காலப்போக்கில் பட்டியல் ஒன்று எமக்கும் மக்களுக்கும் இடையில் வந்து அமர்ந்துகொண்டது. ஊருக்குள் எமது வாகனம் நுழைந்ததும் கேட்கப்பட்ட முதற் கேள்வி, பட்டியலில் பெயர் உண்டா என்பதே. கூட்டங்களில் நாமும் தேவைகள் என்னவென்று கேட்டு எழுதினோமே தவிர, உங்களிடம் இருப்பது என்ன, நீங்கள் எதனைத் தொடங்கியிருக்கின்றீர்கள் என்று கேட்கவில்லை. வாக்குறுதி அளித்துவிட்டு, நிதி வராததால் திரும்பிப் போகாமல் விட்ட ஊர்களும் உண்டு.

இவ்வாறு காத்திருப்பதற்கு மக்களைப் பழக்கிவிட்டு, மக்கள் சோம்பலாகி விட்டனர் என்று பின்னர் அறிக்கை எழுதினோம். பிறர் கையை நோக்கி இருக்கப் பழகிய கண், கடவுளை நோக்கவும் அதே விதமாகவே பழகிக்கொள்ளும். விண்ணகத்திலும் ஒரு பட்டியல் இருப்பதாகவும், தம் பெயர் அதில் விடுபட்டுப் போனதாகவும் அது எண்ணும். எமது திட்டங்கள் மக்களின் விசுவாசத்தில் ஏற்படுத்திய இந்தச் சேதத்தை எந்த மதிப்பீட்டு அறிக்கையும் குறிப்பிடுவதில்லை.

மண்பானையில் ஓர் உறுதி

எதிர்நோக்கு எப்படிச் செயற்படுகின்றது என்பதற்குப் பழைய ஏற்பாட்டில் எம்மவருக்கு மிக அண்மையான ஒரு நிகழ்ச்சி உண்டு. எரேமியா நூலின் 32ஆம் அதிகாரம் அதனை விவரிக்கின்றது. காலம் கி.மு. 587ஆம் ஆண்டளவு. பாபிலோனியப் படை எருசலேமைச் சுற்றி வளைத்து நிற்கின்றது. நகரம் விழும் என்று சொன்னதற்காக எரேமியா காவலில் வைக்கப்பட்டிருக்கின்றார். அந்த வேளையில் அவருடைய சிற்றப்பன் மகன் அனமேல் அவரிடம் வந்து, அனத்தோத்தில் உள்ள தன் நிலத்தை வாங்கிக்கொள்ளும்படி கேட்கின்றார். எதிரிப் படை நிற்கின்ற நாட்டில் காணி வாங்கச் சொல்வது, இடப்பெயர்வின் நடுவே வீட்டுக்கு அத்திவாரம் வெட்டச் சொல்வது போன்றது.

எரேமியா வாங்கினார். 17 செக்கேல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்தார். சாட்சிகளை வைத்து உறுதி எழுதினார். முத்திரையிட்ட உறுதியையும் திறந்த பிரதியையும் தம் எழுத்தரான பாரூக்கிடம் கொடுத்து, நெடுநாள் பழுதுபடாமல் இருக்கும்படி மண்பானையில் வைக்கச் சொன்னார். இவை யாவும் முடிந்த பின்னர்தான் அவருக்குக் கலக்கம் வருகின்றது. நகரம் பகைவர் கையில் விழுகின்ற வேளையில் என்னைக் காணி வாங்கச் சொல்கின்றீரே என்ற பொருள்பட அவர் கடவுளிடம் முறையிடுகின்றார். எதிர்நோக்குள்ள மனிதருக்கு ஐயம் வராது என்பது உண்மையல்ல. எரேமியா ஐயம் தீரும்வரை காத்திராமல் உறுதியை எழுதினார்.

அந்தக் காணியை எரேமியா அனுபவித்ததாக விவிலியம் கூறவில்லை. நகரம் விழுந்தது. அவரைச் சிலர் எகிப்துக்குக் கொண்டு சென்றனர். ஆனால் எஸ்ரா நூலின் இரண்டாம் அதிகாரத்தில், பல தசாப்தங்களின் பின்னர் அடிமைத்தனத்திலிருந்து திரும்பி வந்தோரின் நீண்ட பெயர்ப்பட்டியல் ஒன்று உண்டு. வாசகங்களில் நாம் பெரும்பாலும் தவிர்த்து விடுகின்ற பகுதி அது. அதில் ஒரு வரி, அனத்தோத்து ஊரார் 128 பேர் என்று கணக்கிட்டு வைத்திருக்கின்றது.

காணிப் பத்திரத்தை உறுதி என்று அழைப்பவர்கள் நாம். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறியோரும், 1995 ஒக்டோபர் 30 இரவு மழையில் யாழ்ப்பாணத்தை விட்டு நடந்தோரும் பல பொருட்களைக் கைவிட்டார்கள். ஆயினும் உறுதியைச் சீலைக்குள் சுற்றிக் கொண்டுபோன தாய்மாரை நாம் அறிவோம். அவர்களிடம் எரேமியாவைப் பற்றி நாம் நீண்ட விளக்கம் கூறத் தேவையில்லை. அவர்களே எமக்குக் கூறலாம்.

இரணைதீவுக்குச் சென்ற வழி

எமது காலத்திலும் ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிட வேண்டும். பூநகரிக்கு அப்பால் கடலில் உள்ள இரணைதீவு மக்கள் 1992இல் தம் தீவிலிருந்து இடம்பெயர்ந்தனர். முழங்காவில் பகுதியில் இரணைமாதாநகரில் குடியேறினர். யுத்தம் 2009இல் முடிந்த பின்னரும் தீவு கடற்படையினரின் கட்டுப்பாட்டிலேயே இருந்தது. மனுக்கள் கொடுத்தனர். கூட்டங்களுக்குச் சென்றனர். 2017 மே முதலாம் நாள் தொடர் போராட்டம் ஒன்றை ஆரம்பித்தனர். ஏறத்தாழ ஓர் ஆண்டு கழிந்தும் முடிவு கிடைக்காத நிலையில், 2018 ஏப்பிரல் 23ஆம் நாள் வெள்ளைக் கொடி கட்டிய படகுகளில் ஏறித் தம் தீவுக்குச் சென்று இறங்கினர். குருக்களும் அவர்களோடு சென்றனர். அங்கேயே தங்கினர். 1992இல் கைக்குழந்தையாக இருந்தவருக்கு அப்போது வயது 26.

அந்த 26 ஆண்டுகளும் அவர்கள் வெறுமனே காத்திருந்தனர் என்று சொல்ல முடியுமா? தீவில் பிறவாத பிள்ளைகளுக்குத் தீவின் பெயரையும் கரையையும் கிணற்றையும் சொல்லிக் கொடுத்திருக்காவிட்டால், படகில் ஏறுவதற்கு ஆட்கள் இருந்திருக்க மாட்டார்கள். நினைவைக் காத்தல், பிள்ளைகளுக்குச் சொல்லுதல், சங்கமாகக் கூடுதல், மீண்டும் மீண்டும் கேட்டல் ஆகிய யாவும் புழுதி விதைப்பே. திரும்பிச் சென்ற பின்னரும் வீடு, குடிநீர், போக்குவரத்து என்று துன்பங்கள் தொடர்ந்தன. எதிர்நோக்கு ஒரு நாளில் நிறைவேறி முடிந்து விடுவதில்லை என்பதற்கு அதுவும் சாட்சி.

எளிதில் பேசக்கூடாத இடம்

இவ்வாறு எழுதும்போது எம் மனச்சாட்சியை உறுத்துகின்ற ஒன்று உண்டு. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் வீதியோரம் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். வேறு மாவட்டங்களிலும் தாய்மார் அமர்ந்தனர். பதில் அறியாமலேயே அவர்களுள் பலர் இறந்து விட்டனர். இவர்களிடம் போய் எதிர்நோக்கோடு இருங்கள் என்று சொல்லும் தகுதி எமக்கு உண்டா?

இல்லை என்றே நாம் கருதுகின்றோம். ஆறுதல் என்ற பெயரில் ஒருவருடைய கேள்வியை அடக்குவதற்கு எதிர்நோக்கைப் பயன்படுத்தினால், அது பாவம். மகனின் படத்தை ஏந்திக்கொண்டு உண்மையைக் கேட்கின்ற அந்தத் தாய், எம்மில் பலரைவிட உறுதியாக எதிர்நோக்குகின்றவர். உண்மை ஒரு நாள் வெளிவரும் என்று நம்பாதவர் வெயிலில் வந்து அமர மாட்டார். பெரிய வெள்ளியன்று சிலுவையின் அடியில் நின்ற பெண்களும் உயிர்ப்பைப் பற்றி விளக்கம் கேட்டு நிற்கவில்லை. அவர்கள் போகாமல் நின்றார்கள், அவ்வளவே. மூன்றாம் நாள் அதிகாலையில் கல்லறைக்குச் சென்றவர்களும் அத்தகைய பெண்களே. எனவே அத்தாய்மாருக்கு நாம் செய்யக்கூடியது போதனை அல்ல. அவர்கள் அருகில் போய் அமர்வதும், அவர்கள் கேட்பதை நாமும் கேட்பதும் ஆகும்.

நாளாந்த வாழ்வில்

எதிர்நோக்கு ஒரு கொடை. அதே வேளை அது பழக்கத்தினால் வளரும் பயிர். எமது கிராமங்களில் இன்றே தொடங்கக்கூடிய சிலவற்றை முன்வைக்கின்றோம்.

முதலாவது, குடும்பச் செபத்தில் பொதுவாக மன்றாடுவதோடு நில்லாமல், ஒரு குறிப்பிட்ட காரியத்திற்காக மன்றாடுவோம். பக்கத்து வீட்டுக் கடன், பாடசாலையை விட்டு நின்ற பிள்ளை, உடைந்த மதகு என்று பெயர் சொல்லி மன்றாடுவோம். செபம் முடிந்ததும், இது நிறைவேறும் என்று நம்புகின்றவர்கள் நாளை என்ன செய்வார்கள் என்று வீட்டாரிடையே ஒரு கேள்வி கேட்போம். கிடைக்கும் பதில் சிறியதாக இருக்கலாம். அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு ஒருமுறை போய் வருவதாக இருக்கலாம். அதனைச் செய்வோம்.

இரண்டாவது, நினைவைப் பேணுவோம். மாதர் சங்கத்திலும் கிராம அபிவிருத்திச் சங்கத்திலும் கூட்டக் குறிப்பேடு உண்டு. அதில் தேவைகளும் தீர்மானங்களும் நிறைந்திருக்கும். நடந்து முடிந்த நன்மைகளையும் அதில் எழுதி வைப்போம். எந்த ஆண்டு கிணறு இறைத்தோம், யார் யார் வந்தார்கள், எந்தக் கடன் அடைந்தது என்பன எழுதப்பட வேண்டும். இஸ்ரயேலர் தம் வரலாற்றைத் திரும்பத் திரும்பச் சொன்னது இதற்காகவே. கடந்த போகத்தில் விளைந்ததை நினைக்கின்றவரே அடுத்த போகத்திற்கு விதைநெல் எடுத்து வைப்பார்.

மூன்றாவது, எமக்குப் பயன் தராத ஒன்றை நாட்டுவோம். தென்னையை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனையை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்பது பழமொழி. பனை பயன் தருவதற்கு 15 முதல் 20 ஆண்டுகள் செல்லும். யுத்த காலத்தில் பதுங்குகுழிகளுக்காக வெட்டப்பட்ட பனைகள் எத்தனையோ. பனம் பாத்தியில் கிழங்கு பிடுங்கும்போது ஒரு வரியைப் பிடுங்காமல் விட்டால் அது வடலியாகும். ஒவ்வொரு பங்கிலும் மறைக்கல்வி மாணவர்கள் வேலியோரத்தில் சில பனம் விதைகளையாவது ஊன்றட்டும். திருவருகைக் காலம் பெரும்போக மழையோடுதான் எம்மிடம் வருகின்றது. மெழுகுதிரி ஏற்றுவதோடு இதனையும் செய்யலாம்.

நான்காவது, வெளிநாடு செல்லத் துடிக்கும் இளைஞரைத் திட்டாமல் இருப்போம். முகவருக்குக் காணியை ஈடு வைத்துப் பணம் கொடுப்பவருக்கும் ஒரு நம்பிக்கை உண்டு. இந்த மண்ணில் அவர் அதனைக் காணவில்லை. அவருக்கு நாம் காட்டக்கூடிய விதைப்பு எது? சங்கத்தின் பொறுப்புகளில் ஒன்றையேனும் இளையவர் கையில் கொடுத்தோமா? இதற்குப் பதில் இல்லாமல் புத்திமதி மட்டும் சொன்னால் அவர் கேட்க மாட்டார்.

இறுதியாக, அபிவிருத்திப் பணியாளர்களாகிய நாம் ஒன்றைத் தீர்மானிப்போம். ஒரு கிராமத்திற்குச் செல்லும்போது, நாம் கொண்டு வருவதைப் பற்றிப் பேசுவதற்கு முன்னர், மக்கள் ஏற்கெனவே தொடங்கியதைக் கேட்போம். தர முடியாததைத் தருவோம் என்று சொல்லாதிருப்போம். சொன்னதைச் செய்ய முடியாது போனால் நேரில் சென்று காரணம் கூறுவோம். வாக்கைக் காப்பாற்றும் மனிதரைக் காணாத மக்களிடம், வாக்கு மாறாத கடவுளைப் பற்றிப் பேசுவது கடினம்.

புயல் வெள்ளம் வடிந்த பின்னர் அழிந்த வயலை மறுபடி உழுது விதைக்கத் துணிந்த கமக்காரர்களை நாம் அறிவோம். கையில் விதைநெல் இல்லாதவர்கள் அயலவரிடம் கைமாற்றாக வாங்கினார்கள். அந்த அயலவரும் எதிர்நோக்குகின்றவரே. தம் களஞ்சியத்திலிருந்து எடுத்துக் கொடுக்கும்போது, அடுத்த அறுவடையை அவர் முன்கூட்டியே கண்டுவிட்டார். யாக்கோபு தம் திருமுகத்தில் பொறுமைக்கு எடுத்துக்காட்டாக, முன்மாரிக்கும் பின்மாரிக்கும் காத்திருக்கும் பயிரிடுபவரையே காட்டுகின்றார். ஆனால் அவர் சொல்லும் அந்த மனிதர் விதைத்துவிட்டே காத்திருக்கின்றார். விதைக்காதவருக்கு மழை வெறும் சேறு.

அடுத்த புரட்டாதியில் வீதியோரம் புழுதி எழும்போது கண்ணை மூடிக்கொண்டு கடந்து போகாமல் சற்று நிற்போம். அந்த வயலில் நிற்பவரிடம் ஒரு கேள்வி கேட்போம். பின்னர் எமது வீட்டுக்கும் எமது பங்குக்கும் திரும்பி, நாம் வீசாமல் வைத்திருக்கும் விதைநெல் எங்கே இருக்கின்றது என்று தேடுவோம்.